பாமீர் மலையில் தனிப் பயணம்



தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இன்று படித்து, வேலையில் அமர்ந்து, தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் வெளிநாடு பார்க்கப் புறப்படுகிறார்கள். கூட்டமாக, வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவை நாம் அறிவோம். முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, குறைந்த செலவில், தன்னந்தனியே போகும் பயணம் இன்னொரு வகை. "தனியாகவா போகிறாய்?" என்று பெற்றோர் திடுக்கிடுவது இயற்கையே. அப்படிப்பட்ட பயணத்தில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது, அதைத் தவிர்ப்பது எப்படி என்பதை, அதிகம் பேர் போகாத ஒரு மலைநாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று பார்ப்போம்.

அந்த மலைநாடு மத்திய ஆசியாவில் உள்ள பாமீர். அதன் பெரும்பகுதி தஜிகிஸ்தான் என்ற நாட்டில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டில் சோவியத் யூனியன் கலைந்தபோது தனி நாடானது தஜிகிஸ்தான். அதன் நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மலைதான். தலைநகர் டுஷான்பேயில் தொடங்கி, பாமீர் மலைகளைக் கடந்து, அடுத்த நாடான கிர்கிஸ்தானின் ஓஷ் நகர் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஒரு சாலை செல்கிறது. இதன் மலைப்பகுதி 1930களில் சோவியத் ஆட்சியில் போடப்பட்டது. நம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. கினபாலு மலையின் உச்சி 4,095 மீட்டர். பாமீர்ச் சாலையிலோ வண்டிகள் ஓடும் அக்பைத்தால் கணவாயே 4,655 மீட்டர் உயரம்! கினபாலு உச்சிக்கும் மேலே, ஐந்நூறு மீட்டருக்கு அதிகமான உயரத்தில், சாலை போகிறது.

இங்கே இரயில் கிடையாது. பயணிகள் பங்கு வண்டியில் போகிறார்கள். ஜீப் போன்ற வண்டி சந்தை அருகே நிற்கும். ஆட்கள் நிறைந்தால்தான் புறப்படும். டுஷான்பேயிலிருந்து கோரோக் என்ற மலைநகருக்கு ஒரு முழுப் பகல் பிடிக்கும். பாதை மோசமாக இருந்தால் இன்னும் அதிகமாகும். வழியில் நெடுந்தூரம் பாஞ்சு ஆறு கூடவே வருகிறது. ஆற்றின் அக்கரை ஆப்கானிஸ்தான். சில இடங்களில் ஆறு மிகவும் குறுகலாக இருப்பதால், அங்கே கழுதை ஓட்டிப் போகிறவர்களை இங்கிருந்தே பார்க்கலாம்.

கோரோக் வரை ஓர் இருக்கைக்குப் பணம் கொடுத்தால் போதும். அதற்கு அப்பால் பல இடங்களுக்கு அன்றாடம் வண்டி இல்லை. முழு வண்டியையும் வாடகைக்கு அமர்த்த வேண்டும். தனி ஆளுக்கு இதுதான் பெருஞ்செலவு. சாப்பாடும் படுக்கையும் அதற்குப் பிறகுதான். ஆகவே, விவரம் தெரிந்த பயணி கோரோக்கில் இரண்டு மூன்று நாள் தங்கி, அதே திசையில் போகும் வேறு பயணிகளைத் தேடிக்கொள்கிறார். நால்வர் சேர்ந்தால் வாடகை நாலில் ஒன்றாகக் குறைகிறது.

இப்படிக் காத்திருப்பதில் பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கோரோக் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே இருக்கும் முர்காப் என்ற ஊர் சுமார் 3,600 மீட்டர். அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு, கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான். மெதுவாக ஏறினால் உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். அவசரமாக ஏறினால் தலைவலி, குமட்டல், களைப்பு, தூக்கமின்மை வரும். இதற்கு மலைநோய் என்று பெயர். இது இளைஞர், பலசாலி என்று பார்ப்பதில்லை. நோய் முற்றினால் மூளை வீங்கும், அல்லது நுரையீரலில் நீர் கோக்கும். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை.

மருத்துவர்கள் சொல்லும் விதி இது. 3,000 மீட்டருக்கு மேலே போனபின், முந்தின இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் மறுநாள் இரவு படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். தலைவலி இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் உடனே கீழே இறங்க வேண்டும். இறங்குவதே முதல் மருந்து.

தனியாகப் போகிறவருக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது, நேயர்களே. மூளை குழம்பியவருக்குத் தம் மூளை குழம்பியிருப்பது தெரியாது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் கவனித்துச் சொல்வார். ஆகவே தனிப் பயணி தம் வண்டித் தோழரிடமும் தங்கும் வீட்டாரிடமும், "காலையில் என்னைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுங்கள், நான் தடுமாறினால் கீழே அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லி வைக்க வேண்டும். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நாள் கூடுதலாக உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. கோரோக்கிலிருந்து நேரே மேலே ஏறாமல், தெற்கே வாக்கான் பள்ளத்தாக்கு வழியாகப் போகலாம். இஷ்காஷிம் சுமார் 2,500 மீட்டர். லங்கர் கிராமம் சுமார் 2,900 மீட்டர். படிப்படியாக ஏறுகிற பாதை இது. லங்கருக்கு அப்பால் ஏற்றம் அதிகம்; ஆகவே அங்கே இரண்டு மூன்று இரவு தங்கிப் புறப்படுவது நல்லது.

வழியிலுள்ள கிராமங்களில் மக்கள் தங்கள் வீட்டிலேயே பயணிகளுக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். பாமீர் வீட்டின் நடுக்கூடத்தை ஐந்து தூண்கள் தாங்கும். கூரையின் நடுவில், ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நான்கு சதுரச் சட்டங்களின் வழியே வெளிச்சம் இறங்கும். மேற்குப் பாமீர் மக்களில் பெரும்பாலோர் இஸ்மாயிலி முஸ்லிம்கள். அந்த ஐந்து தூண்களுக்கும் நபிகள் நாயகம், அலி, ஃபாத்திமா, ஹசன், ஹுசேன் ஆகியோர் பெயர்களைச் சொல்கிறார்கள். காலைப் பசியாறலுக்குப் பாலும் உப்பும் வெண்ணெயும் சேர்த்த தேநீர் வரும். அதில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். ரொட்டியைத் தலைகீழாக வைப்பது அங்கே மரியாதைக் குறைவு.

முர்காப் பக்கம் மரமே கிடையாது. கால்நடைச் சாணமும், தெரஸ்கென் என்ற குட்டைப் புதரின் வேரும்தான் அடுப்புக்கு விறகு. சோவியத் காலத்தில் நிலக்கரி வெளியிலிருந்து வந்தது. அது நின்றபின் மக்கள் தூரதூரம் போய் இந்தப் புதரை வெட்டிச் சுமந்து வருகிறார்கள். அந்த வீட்டில் நாம் கேட்கும் ஒரு வாளி வெந்நீருக்குப் பின்னால் எத்தனை உழைப்பு இருக்கிறது! சிக்கனப் பயணம் என்ற பெயரில் அப்படிப்பட்ட வீட்டாரிடம் பேரம் பேசிக் குறைப்பது தகாது. வியர்வையின் விலை தெரிந்த நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோர்களே, பிள்ளை போகிறேன் என்று சொன்னால், ஒரேயடியாக "வேண்டாம்" என்று மறுப்பதைவிடச் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்த மாதம் போகிறாய்? பாமீருக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் ஏற்ற காலம். அனுமதியும் எல்லையும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தாயா? 2022 மே மாதம் அந்த வட்டாரத்தில் நடந்த மோதலில் பலர் இறந்தார்கள். கிர்கிஸ்தானோடு இருந்த எல்லை 2021இல் நடந்த சண்டைக்குப்பின் மூடப்பட்டது. 2025 மார்ச்சில்தான் இரு நாடுகளும் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. எனவே விசா, தனி அனுமதிச் சீட்டு, திறந்திருக்கும் எல்லைச் சாவடி ஆகியவற்றைப் புறப்படும் முன் மீண்டும் ஒருமுறை கேட்டறிய வேண்டும். கடப்பிதழின் நகல் ஒன்று வீட்டில் இருக்கிறதா? தொலைபேசி எட்டாத இடங்கள் வழியில் உண்டு. எந்த நாளில் எந்த ஊரிலிருந்து பேசுவாய்? இத்தனை நாள் பேச்சு வராவிட்டால் யாரை நாங்கள் அழைப்பது?

கடைசியாக ஒரு கேள்வி: கையில் உபரியாக எத்தனை நாள் வைத்திருக்கிறாய்? விடுமுறை பத்து நாள்தான் என்றால், பாமீரை இன்னொரு வருடத்துக்குத் தள்ளி வைப்பதே அறிவு. அங்கே பணத்தில் சிக்கனம் பிடிக்கலாம்; நாளில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. பதறாத காரியம் சிதறாது என்ற நம் பெரியோர் மொழி, அந்த மலைச் சாலைக்கு மிகவும் பொருந்தும்.