பிள்ளைக்கு இட்ட பெயர்

(ஆலய நவராத்திரி விழாவில் ஆற்றிய உரை)



பெயர்களைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக் கொண்டார். வெள்ளிக்கிழமைகளில் அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் உட்காருகிறவன் என்பதால் என்னைப் பிடித்தார் போலும்! இளம் பெற்றோர் சிலர் பிள்ளையின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறார்கள். பொருள் கேட்டால், எண் கணிதப்படி வைத்தது என்கிறார்கள்.

உலகில் பெயருக்குக் காரணங்கள் பலவிதம். கானா நாட்டு அக்கான் மக்கள் பிறந்த கிழமையைப் பெயராக இடுவர். 1997 முதல் 2006 வரை ஐக்கிய நாட்டுச் சபையின் தலைமைச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்தவர். கோஃபி என்றாலே அதுதான் பொருள். பாலித் தீவு இந்துக்கள் பிறந்த வரிசைப்படி வாயான், மாடே, ஞோமான், கெத்துட் என்பர். ஐந்தாவது பிள்ளைக்கு மீண்டும் வாயான்! நாமோ தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு இடுகிறோம். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. வாத்தியார் அல்லவா, இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1984-ஆம் ஆண்டு ஒரு தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்தினேன். ஒரு மாணவனின் பெயர் பிச்சை. மற்றப் பிள்ளைகள் அவன் முன் கையேந்திக் கேலி செய்வார்கள். நல்லெண்ணத்தோடுதான், நான் அவனை விஜயன் என்று அழைக்கத் தொடங்கினேன். பையனுக்கும் மகிழ்ச்சி.

ஒரு நாள் அவன் தாயார் மரம் வெட்டிய கையோடு, பால் வாடை மாறாமல் வந்து நின்றார். "வாத்தியாரய்யா, இவனுக்கு முன்னால மூணு புள்ளைங்க தங்கல. இவன் பொறந்ததும் முறத்துல போட்டு, பக்கத்து வீட்டுக் கெழவிக்குத் தவிட்டுக்கு வித்து, மடியேந்தித்தான் திரும்ப வாங்கினேன். சாமி போட்ட பிச்சைங்கய்யா இவன். அந்தப் பேரை எடுத்துடாதீங்க" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை.

குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்களும் இப்படி வந்தவைதான். குப்பை என்று எண்ணி எமன் விட்டுவிட மாட்டானா என்ற ஏக்கம்! பிச்சை என்பதில் ஏக்கத்தோடு நன்றியும் இருக்கிறது. மங்கோலியரிடமும் இதே அச்சம் உண்டு. பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்தவர்கள் நெர்குய் என்று பெயரிடுவர். 'பெயரில்லாதவன்' என்று பொருள். எனேபிஷ் என்றால் 'இவன் அல்ல'. தேடி வரும் தீய ஆவி வாசலோடு திரும்பிவிட வேண்டுமாம். சீனக் கிராமங்களில் நாய்க்குட்டி என்று பிள்ளையை அழைத்ததும் இதற்காகவே.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெயரின் கதையைச் சொன்னேன். கேலி உடனே நின்றுவிடவில்லை. நான் மட்டும் விஜயன் என்பதை விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, தலை நரைத்த ஒருவர் என் மேசைக்கு வந்தார். நான் நிமிராமல், "பெயர், நட்சத்திரம்?" என்றேன்.

"எந்தப் பேரை சார் எழுதப் போறீங்க?" என்று சிரித்தார்.

பிச்சை என்றே எழுதினேன். நட்சத்திரம் ரோகிணி.