பூமியதிர்ச்சியும் நிலத்தின் ஏற்ற இறக்கமும்

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி காலை முல்லைத்தீவுக் கரையில் நிகழ்ந்ததை வன்னி மக்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. சில காலத்தின் பின் வகுப்பறையில் மாணவி ஒருத்தி, "கடல் ஏன் சேர் வந்தது?" என வினவினாள். சுமாத்திராவுக்கு அண்மையில் பூமியதிர்ந்ததால் என்றேன். "பூமி அதிர்ந்தால் பூமியல்லவா ஆடவேண்டும்?" என்றாள். கலைப் பட்டதாரியாகிய எனக்கு உடனே விடை வரவில்லை. பின்னர் படித்தறிந்தவற்றையே இன்று கூற விழைகின்றேன்.

இந்தியாவையும் இலங்கையையும் தாங்கிநிற்கும் புவியோட்டுத் தகடு, அந்தமான், நிக்கோபார், சுமாத்திரா ஆகியவற்றுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடல் அகழியில், ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம் கீழே நுழைந்துகொண்டிருக்கின்றது. வழுக்கிச் சென்றால் தீங்கில்லை. ஆனால் இரு தகடுகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கீழ்த்தகடு மேற்றகட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்து வளைக்கின்றது. மேசை விளிம்பில் அடிமட்டத்தை வைத்து நுனியை அழுத்தும் மாணவனின் செயலை ஒத்தது இது. பிடி நழுவியதும் நுனி துள்ளி எழுகின்றது; பின்னாற் புடைத்திருந்த பகுதி தாழ்கின்றது. 1906இல் கலிபோர்ணியாவில் நேர்ந்த அதிர்ச்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த நில அளவைகளை ஒப்பிட்டு, நிலம் இவ்வாறு வளைந்து மீள்கின்றது என்னும் கொள்கையை 1910இல் வெளியிட்டவர் ஹரி ரீட் என்னும் அமெரிக்க அறிஞர்.

சுமாத்திராவின் தீவுகளிலோ அத்தகைய பழைய அளவைகள் இல்லை. அளவையாளர் செய்யாத வேலையை அங்கே முருகைக்கல் செய்து வைத்திருந்தது! வற்றுக்காலத்தின் மிகத் தாழ்ந்த நீர்மட்டத்துக்கு மேல் முருகை உயிர்வாழாது. நிலம் மெல்லத் தாழ்ந்தால் நீர் ஆழமாகும்; முருகையும் மேல்நோக்கி வளரும். நிலம் திடீரென உயர்ந்தால் வெயில்பட்ட தலைப்பகுதி மடியும். மரத்தின் வளையங்களைப் போல முருகையிலும் ஆண்டு வளையங்கள் உண்டு. கெரி சீ, டனி நற்றாவிட்ஜாஜா முதலிய அறிஞர் அவற்றை அறுத்து நோக்கி, மென்ராவாய்த் தீவுகள் 1797இலும் 1833இலும் உயர்ந்ததையும், இடைக்காலங்களில் மெல்லத் தாழ்ந்ததையும் கண்டறிந்தனர்.

2004இல் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிடி நழுவியது. சிமெலுவே தீவின் வடமேற்கு முனை ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் உயர்ந்து, முருகைப் பார்கள் வெயிலிற் காய்ந்தன. போட் பிளேயர் ஏறத்தாழ ஒரு மீற்றர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனையோ நான்கு மீற்றருக்கு மேல் தாழ்ந்து, அங்கிருந்த வெளிச்சவீட்டின் அடியைக் கடல் சூழ்ந்தது. தென்னிந்தியாவின் நிலையங்கள்கூடச் சில மில்லிமீற்றர் கிழக்கே நகர்ந்ததைச் செய்மதிகளின் துணைகொண்டு அளந்தனர். இவற்றுக்கு மேற்கே, ஆழ்கடலின் அடித்தளம் மீற்றர்க் கணக்கில் எழுந்து, தன்மேல் நின்ற நீர் முழுவதையும் தூக்கியது. அந்நீரே இரண்டு மணி நேரத்தில் நம் கரையை அடைந்தது. மாணவியின் வினாவுக்கு விடை இதுவே: அதிர்வு கடலைத் தள்ளவில்லை, கடலின் படுக்கையே எழுந்தது.

ஓரிடத்தில் நழுவிய பிடி, அடுத்த இடத்தின் இறுக்கத்தைக் கூட்டவும் கூடும். அயர்லாந்தில் பணியாற்றிய ஜோன் மக்ளொஸ்கி என்பவரும் தோழர்களும் இதனைக் கணித்து, சுமாத்திராவின் அடுத்த பகுதிக்கு ஆபத்து மிகுந்துள்ளது என 2005 மார்ச் 17ஆந் திகதி எழுதினர். பதினொரு நாளில், 28ஆந் திகதி, நியாஸ் தீவருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தது. இடத்தைச் சொன்னவர்களால் நாளைச் சொல்ல முடியவில்லை என்பதையும் மறத்தலாகாது. நாள் குறித்துப் பரவும் வதந்திகளுக்கு இக்கலையில் இடமே இல்லை.

அன்றிரவு இலங்கைக் கரையோர மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் நாடினர். பேரலை வரவில்லை. "வீணாக ஓடினோம்" என்று பின்னர்ச் சலித்துக்கொண்டோர் உளர். வீணன்று. அம்முறை பெரிதும் உயர்ந்தவை நியாஸ், சிமெலுவே ஆகிய தீவுகளும் அவற்றை அடுத்த ஆழமற்ற கடலுமே. நியாசின் மேற்குக்கரை ஏறத்தாழ மூன்று மீற்றர் உயர்ந்தது. நிலம் நிலத்தையே தூக்கியமையால், இடம்பெயர்ந்த நீர் குறைவு. இவ்வேறுபாட்டை நள்ளிரவில் எவரும் அறிந்திருக்க இயலாது.

அதிர்ச்சி ஓய்ந்ததும் நிலத்தின் அசைவு ஓய்வதில்லை. 2004இல் தாழ்ந்த போட் பிளேயர், அதன்பின் ஆண்டுக்கணக்காக மெல்ல மெல்ல உயர்ந்து வந்ததை அங்குள்ள கருவிகள் பதிந்துள்ளன.