சோபானம்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எங்களைப் போன்றோர்க்கு ஒரு புதுச்சொல் கண்ணில் பட்டால் அதன் பொருளை ஆராயாமல் இருக்க இயலாது. எங்கள் மகள் தில்லியில் பள்ளியின் சாரணியர் குழுவில் சேர்ந்த நாளில், அவ்வாறு எங்கள் வீட்டிற்குள் வந்த சொல் 'சோபானம்'. படிக்கட்டு என்பது அதன் பொருள். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் 'பிரவேசம்' என்னும் வாயிலைக் கடந்தவர்கள் முதல், இரண்டாம், மூன்றாம் சோபானங்களில் ஏறி, 'ராஜ்ய புரஸ்கார்' என்னும் மாநில விருதைப் பெற்று, அதன் பின்னரே குடியரசுத் தலைவர் விருதை எட்டலாம். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பள்ளித் தேர்வுக்குப் படிப்பதுபோல ஓர் இரவு கண்விழித்து இப்படிகளைத் தாண்டிவிட முடியாது.

1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், பேடன் பவல் ஏறத்தாழ இருபது சிறுவர்களை வைத்து நடத்திய முகாமில் இவ்வியக்கம் கருக்கொண்டது. நம் நாட்டில் தொடக்கத்தில் இந்தியச் சிறுவர்களுக்கு இதில் இடமில்லை. அக்குறையைப் போக்க 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் ஒரு சாரணர் சங்கத்தை நிறுவினார். 1918இல் மதன் மோகன் மாளவியா முதலியோர் சேவா சமிதியின் சார்பில் மற்றொன்றைத் தோற்றுவித்தனர். விடுதலைக்குப் பின்னர், 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த சாரணர் சங்கங்கள் ஒன்றாயின. அடுத்த ஆண்டு சாரணியரும் இணைந்தனர்.

எங்கள் மகளுக்கு அப்போது வயது பதினொன்று. ஒரு மாத காலம் வீட்டில் நாள்தோறும் ஒரு நற்செயல் செய்து, அதை ஏட்டில் எழுதிப் பெற்றோரிடம் கையொப்பம் பெற்று வருமாறு குழுத் தலைவி பணித்திருந்தார். சின்னம் அணிவிக்கும் விழாவிற்கு முதல் நாள் மாலை ஏட்டைப் பார்த்தோம். ஐந்து கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"செடிக்கு நீர் ஊற்றினேன் என்று எழுது, அம்மா. நாங்கள் கையொப்பம் இடுகிறோம்" என்றோம். எங்கள் எண்ணமெல்லாம் மறுநாள் விழாவில் குழந்தை வாடி நிற்கக்கூடாதே என்பதுதான்.

"அன்றைக்கு நான் ஊற்றவில்லையே, அப்பா" என்றாள்.

சாரணியர் நெறிகளில் முதலாவது, நம்பத்தகுந்தவராய் இருத்தல். அதை அவளுக்கு மனப்பாடம் செய்வித்தவர்களும் நாங்களே! மறுநாள் அவளுடைய தோழியர் கழுத்துத்துணி அணிந்து உறுதிமொழி கூறியபோது, அவள் பின்வரிசையில் நின்றாள். மேலும் ஒரு மாதம் முயன்று, வெறுங்கட்டம் இல்லாத ஏட்டுடன் உறுதிமொழி ஏற்றாள்.

அதன்பின் ஆண்டுகள் சென்றன. நாற்காலிக் கால்களெல்லாம் கயிற்று முடிச்சுகளால் நிறைந்தன. முக்கோணத் துணியால் கைத்தொட்டில் கட்டிப் பழகுவதற்குத் தம்பியின் நல்ல கை நாள்தோறும் 'முறிந்தது'. முகாமில் விறகடுப்பில் அரைவேக்காடாய் இறங்கிய சோற்றை அணியினர் அனைவரும் முகம் சுளிக்காமல் உண்டதைச் சொல்லிச் சிரித்தாள். தேர்வு நெருங்கும் காலத்தில் இது வீண் பொழுது என்று உறவினர் சிலர் கூறினர். எங்களுக்கும் அவ்வையம் இல்லாமல் இல்லை.

ஐயம் தீர்ந்தது சென்ற ஆண்டில். அப்போது அவள் எட்டுப் பேர் கொண்ட அணிக்குத் தலைவி. புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி, தன் ஏட்டில் விடுபட்ட நாள்களைக் கண்டு அழுதாளாம். மறுநாள் காலையில் எங்கள் மகள் அலமாரியின் அடியில் எதையோ துழாவினாள். ஐந்து வெறுங்கட்டங்கள் கொண்ட அந்தப் பழைய ஏட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குச் சென்றாள். அதை இத்தனை ஆண்டுகள் அவள் பேணி வைத்திருந்ததே எங்களுக்குத் தெரியாது.

விருதுகள் கல்லூரியில் இடம்பெற உதவுமா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. உதவினால் நன்று. ஆயினும் பிறர் காணாத இடத்திலும் பொய்க் கணக்கு எழுதாத மனம் ஒரே நாளில் வாய்ப்பதன்று. ஆண்டுக்கணக்கில் படிப்படியாக உருவாவது. இப்போது அவள் ராஜ்ய புரஸ்கார் தேர்வுக்கு ஆயத்தமாகி வருகிறாள். அவள் நீட்டும் ஏட்டில், ஒவ்வொரு வரியையும் படித்த பின்னரே நாங்கள் கையொப்பம் இடுகிறோம்.