காரீயம் இல்லாப் பற்றாசு



மோட்டார்ப் பம்புக்குப் பெயர்பெற்ற நம் கோவையில் பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் நூற்பாலை இயந்திரத்திலும் இன்று மின்னணுத் தகடுகள் உள்ளன. அரிசிமணியினும் சிறிய உறுப்புகளை அவற்றில் பற்றவைக்க நம் பிள்ளைகள் பயில்கின்றனர். ஆதலின் இதனைப் பேசுகிறோம்.

ஈயம் என்னும் ஒரே சொல்லால் இரு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், நஞ்சாவது காரீயம். சால்டர் என வழங்கும் பழைய பற்றாசில் வெள்ளீயம் 63 பங்கு, காரீயம் 37 பங்கு. 183 டிகிரி செல்சியசில் உருகும். 2006 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம், சில விலக்குகளோடு, மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடுத்தது. நம் நாட்டில் 2012 மேயில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் அதற்கு வரம்பிட்டன. புதிய பற்றாசில் வெள்ளீயத்தோடு 3 விழுக்காடு வெள்ளியும் அரை விழுக்காடு செம்பும் சேர்வதுண்டு. அது உருகத் தொடங்கவே 217 டிகிரி வேண்டும். பற்று மங்கித் தெரிந்தால் பிழையென்று எண்ண வேண்டா; அதன் இயல்பு அது. பளபளப்புக்காகச் சூட்டை ஏற்றினால் தகட்டின் செம்பு உரியும்.

எழும் புகை காரீயமன்று. கம்பியின் உள்ளிருக்கும் பிசின் எரிவது. ஆகவே புதிய பற்றாசிலும் புகை மூச்சிரைப்பைத் தரும். புகை உறிஞ்சியைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. காரீயமோ பெரிதும் விரல்வழி வாய்க்குச் செல்வது, கைகழுவாமல் உண்ணலாகாது.

பழைய தகடுகள் எங்கே செல்கின்றன? பழைய இரும்புக் கடைக்கு. செம்புக்காக அவற்றைத் தீயிலிடுவோர் எளிய மக்களே. ஊர்க்கழிவை அள்ளும் வேலையை நம் தலையில் சாதி கட்டியது. இப்புதிய கழிவும் நம் தெருவிலேயே எரிவதற்கு நாம் இசையோம். பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே அவை சேர வேண்டும்.