ஊர்காண் மகளிர்



வாங்கும் நோக்கமின்றிக் கடைவீதியைச் சுற்றிப் பார்ப்பதும், பசித்தபோது உண்பதும், மாலையில் வீடு திரும்புவதும் பாடுபொருளாகுமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். தமிழ் மரபு அவ்வையத்தை என்றோ தீர்த்துவிட்டது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துப் பாடுகிறது. சிலப்பதிகாரத்தில் இதற்கெனவே ஊர்காண் காதை அமைந்துள்ளது.

வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் கூறிப் புறப்படுகிறான் கோவலன். காதையில் விரிவதோ அவன் கண்ட மதுரைதான். மணிக்கடை வீதி, பொற்கடை வீதி, அறுவை வீதி, கூல வீதி என நடக்கிறான். துயருற்றவனுக்கு அந்நடை ஆறுதலாகவும் இருந்திருக்கும். அப்பொழுது கண்ணகி ஊர்ப்புறத்தே அடிகளின் காவலில் இருந்தாள். அவள் மதுரை வீதிகளில் நடந்ததைச் சொல்லும் பகுதிக்கு ஊர்சூழ்வரி என்று பெயர். அப்போது அவள் கையில் ஒற்றைச் சிலம்பு, கண்களில் நீர். கணவன் ஊரைக் கண்டான். மனைவி நீதி கேட்டு ஊரைச் சூழ்ந்தாள்.

மணிமேகலையோ தோழி சுதமதியுடன் மலர் கொய்யப் புகார் வீதியில் செல்கிறாள். களிமகன், பித்தன், பேடிக்கோலத்து ஆடல், சுவரோவியம் என வீதியெங்கும் வேடிக்கை. அவற்றைக் கண்டு நின்ற கூட்டம் அவளைக் காணத் திரள்கிறது. மலர் கொய்யப் போனவளே காட்சிப்பொருளாகிறாள். பின்னர் அமுதசுரபி ஏந்தி ஊரார் பசி தீர்த்த அவளுக்கு, தோழியோடு அமர்ந்து ஓய்வாக உண்ணும் ஒரு பொழுதைக் காப்பியம் வழங்கவில்லை.

அரியாங்குப்பத்தை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் உரோம நாட்டு மட்கலன்கள் வெளிப்பட்டன. கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் செய்த இடம் அது. மணிகள் எஞ்சின; அவற்றை ஆசையோடு நின்று பார்த்த பெண்களின் கதை எஞ்சவில்லை.

அந்த அரியாங்குப்பத்திலிருந்து இன்று இரு தோழியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுவைக்குப் பேருந்து ஏறுவதாகக் கொள்வோம். ஆற்றுப்பாலம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை கடந்து நகரில் இறங்குகின்றனர். காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் வளையலை அணிந்து பார்த்துக் கழற்றி வைக்கின்றனர். நேரு வீதியில் ஒரு சேலையின் முந்தானையை விரிக்கச் சொல்லி, விலை கேட்டு, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அவர்கள் நாணவில்லை. உணவகத்தில் தோசை வருகிறது. வீட்டில் எல்லோர்க்கும் இட்டபின் கடைசியாக உண்பவள், இங்கே பிறர் பரிமாற, சூடு ஆறுமுன் உண்கிறாள்; இரண்டாம் முறை சட்டினி கேட்கிறாள். பிறகு கடற்கரையில் நெடுநேரப் பேச்சு. பிள்ளைகளின் படிப்பு, கடன், மாமியார், பள்ளிக்கால நினைவு எல்லாம் அதில் அடங்கும்.

வீடு திரும்பியதும், “என்ன வாங்கி வந்தாய்?” என்னும் கேள்வி காத்திருக்கும். பொருளொன்றைக் காட்டினால்தான் பெண் வெளியே சென்ற நேரம் கணக்கில் நேராகிறது. “ஒன்றும் வாங்கவில்லை, சுற்றிப் பார்த்தோம்” என்று அவள் அச்சமின்றிச் சொல்லும் நாளே அவளுக்குரிய ஓய்வு நாள்.

கவிஞர் பெருமக்களே! பெண்ணின் உழைப்பைப் பாடினீர்கள், கண்ணீரையும் பாடினீர்கள். காரணம் எதுவும் கூறாமல் தோழியின் கைபற்றி அவள் வீதியில் நடப்பதையும் பாடுங்கள். இந்த இலக்கிய வட்டத்தின் பதினோராம் ஆண்டுக் கவியரங்கில் அப்பாடல்கள் ஒலிக்கட்டும்.