கத்தி எடுக்குமுன் ஒரு கேள்வி

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

கற்றறிந்தோர் பலர் வீற்றிருக்கும் இம்மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலங்கழிக்கும் என்னையும் பேசுமாறு நம் செயலாளர் பணித்தார். "சிலம்பைப் பற்றியா, குறளைப் பற்றியா?" என்று கேட்டார். "அறுவை மருத்துவத்தில் நேரும் பிழைகளைப் பற்றி" என்றேன். "விழாவில் அறுவைக்கு ஏற்கெனவே பஞ்சமில்லையே!" என்று நகைத்தார். நானும் நகைத்தேன். ஆயினும், இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமாகிய அம்மையார் இதோ முன்வரிசையில் அமர்ந்து இருகண்களாலும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் என் தாயார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் வேறோர் ஊரில் பணியாற்றியபோது, அம்மாவுக்கு வலக்கண்ணில் புரை முற்றியிருந்தது. அங்குள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தேன். ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் ஈண்டு வேண்டா. முதல்நாள் மாலையே, எந்தக் கண் என்பதற்கு அடையாளமாக, வலப்புருவத்தின் மேல் ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டிவிட்டார்கள். மறுநாள் காலை நான் பணம் கட்டச் சென்றிருந்தேன். அப்பொழுது ஓர் ஊழியர் கையில் காகிதத்தோடு வந்து, "லட்சுமி!" என்று அழைத்தார். அந்த வார்டில் லட்சுமி இருவர். ஒருவர் என் தாயார். மற்றவர் அவ்வூர் மூதாட்டி, அவர் குளிக்கச் சென்றிருந்தார். பெயரைக் கேட்டதும் அம்மா எழுந்து போய்விட்டார்.

காகிதத்தில் இடக்கண் என்றிருந்தது. இடக்கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். "மாதாஜி, இடக்கண்தானே?" என்று இந்தியில் ஒருவர் வினவினாராம். இந்தி அறியாத அம்மா பணிவோடு தலையசைத்தாராம்.

அறுவை அறையின் வாயிலில் ஓர் இளஞ்செவிலி நின்றுகொண்டிருந்தாள். புருவத்துப் பிளாஸ்திரி ஒருபக்கமும் காகிதத்து எழுத்து மறுபக்கமும் இருக்கக் கண்டாள். "உங்கள் பெயர் என்ன?" என்றாள். "லட்சுமி" என்றார் அம்மா. "கணவர் பெயர்?" என்று கேட்டாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. கணவர் பெயரை வாயால் உரைப்பது அம்மாவின் தலைமுறைக்கு வழக்கமன்று என்பதை அப்பெண் எங்ஙனம் அறிவாள்! உள்ளிருந்து மருத்துவர், "இன்னும் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள், ஏன் தாமதம்?" என்று கடிந்துகொண்டார். அவளோ அசையவில்லை. "இந்த அம்மாளின் உறவினர் வரும்வரை ஊசி போடவேண்டாம், ஐயா" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து உரக்கக் கூவி என்னை அழைத்தாள். நான் ஓடிச்சென்று சொன்ன பிறகே, கையிலிருந்தது மற்றொரு லட்சுமியின் காகிதம் என்பது தெரிந்தது. கடிந்துகொண்ட அதே மருத்துவர் வெளியே வந்து, அப்பெண்ணை நோக்கிக் கைகூப்பினார். மறுநாள் வலக்கண்ணில் சிகிச்சை செவ்வனே நிறைவேறியது.

அன்றிரவு நான் அம்மாவிடம், "இடக்கண்ணா என்று கேட்டபோது ஏனம்மா தலையசைத்தாய்?" என்றேன். "படித்தவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது? இல்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவாக இராதா?" என்றார். அந்த மறுமொழி இன்றளவும் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

இதில் குற்றவாளி யார் என்று பலநாள் எண்ணிப் பார்த்தேன். கொடியவர் ஒருவரும் இலர். ஊழியர் முழுப்பெயரைக் கூறி அழைக்கவில்லை. சொட்டு மருந்து விட்டவர் புருவத்தை நோக்கவில்லை. அம்மா மறுத்துரைக்கவில்லை. மொழி தெரியாத தாயைத் தனியே விட்டுச் சென்றேன் நான். ஒவ்வொருவர் பிழையும் கடுகளவே. அவை ஒன்றன்பின் ஒன்றாய் வரிசையில் நின்றபோது, நல்ல கண் ஒன்றின்மேல் கத்தி படும் நிலை வந்துவிட்டது. தடுத்தது ஒரு கேள்வி.

நிற்க. ரயில்வேக் குடும்பங்களாகிய நமக்கு இஃது புதிய பாடமன்று. லோகோ பைலட்டும் அவருடைய உதவியாளரும் எதிரே தெரியும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வதை நம் பிள்ளைகளும் அறிவர். இருவருக்கும் கண் இருக்கிறது. பின் ஏன் சொல்லவேண்டும்? ஒருவர் கண்டதை மற்றவரும் கண்டார் என்பது சொன்னாலன்றி உறுதியாகாது. சிக்னலோடு பிணைக்கப்படாத லெவல் கிராசிங்கில், "கேட்டை மூடிவிட்டேன்" என்று கேட்மேன் தொலைபேசியில் சொல்வது மட்டும் போதாது. அதற்குச் சான்றாகப் 'பிரைவேட் நம்பர்' ஒன்றையும் தரவேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதனைப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளவேண்டும். இருபது ஆண்டு பழகிய நண்பர்களாயினும் இந்த எண்ணைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்டதற்காக எவரும் வருந்துவதுமில்லை. என் போன்ற குமாஸ்தா எழுதும் பில்லையும் மற்றொருவர் சரிபார்த்த பின்னரே பணம் வெளியே செல்கிறது. காகிதத்துக்கே இத்தனை காவல் என்றால், மனித உடலுக்கு எத்தனை காவல் வேண்டும்!

வானூர்தித் துறையினர் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரருகே, போயிங் நிறுவனத்தின் 'மாடல் 299' என்னும் பெருவிமானம் சோதனைக்காக எழும்பியவுடனே கீழே விழுந்தது. இருவர் உயிரிழந்தனர். ஓட்டியவர் கைதேர்ந்த வல்லுநர். இயந்திரத்திலும் பழுதில்லை. நிலத்தில் நிற்கும்போது காற்றுக்கு அசையாதிருக்க வால்பகுதியில் பூட்டப்பட்ட பூட்டினை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதன் பின்னரே, புறப்படுமுன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் அவ்விமானத்துக்கு ஏற்பட்டது. வல்லவனும் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டதே அந்தப் பட்டியலின் பெருமை.

இதே வழியை அறுவை அறைக்குள் கொண்டுவந்தது உலக சுகாதார நிறுவனம். இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே தலைமையில் அறிஞர்கள் கூடி, 19 வினாக்கள் கொண்ட ஒரு பட்டியலை வகுத்தனர். அந்நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது. ஒரே பக்கத்தில் அடங்கும் அப்பட்டியல் மூன்று இடங்களில் நம்மை நிறுத்துகிறது.

முதலாவது, மயக்க மருந்து கொடுக்குமுன். நோயாளி யார், என்ன சிகிச்சை, உடலின் எந்தப் பக்கம், அவருடைய ஒப்புதல் உண்டா, அந்த இடத்தில் அடையாளம் இட்டாயிற்றா, எந்த மருந்தேனும் அவருக்கு ஒவ்வாதா, குருதி மிகுதியாக வெளியேறும் அபாயம் உண்டா என்பவற்றைக் கேட்டறிகிறார்கள்.

இரண்டாவது, கத்தி தோலைத் தொடுமுன். அறையிலுள்ள அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறிக்கொள்கிறார்கள். நோயாளியின் பெயரையும் சிகிச்சையையும் இடத்தையும் மீண்டும் உரக்கச் சொல்லி உறுதிசெய்கிறார்கள். கிருமிகளைத் தடுக்கும் மருந்து வேண்டுமாயின், கடந்த 60 நிமிடங்களுக்குள் கொடுக்கப்பட்டதா என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவது, நோயாளியை அறையிலிருந்து வெளியே கொண்டுசெல்லுமுன். கருவிகளும் ஊசிகளும் பஞ்சுத்துணிகளும் எண்ணிக்கையில் சரியாக உள்ளனவா என்று செவிலி அறிவிக்கிறார். ஒரு துணி வயிற்றுக்குள் தங்கிவிட்டால் நேரும் துன்பத்தை விரித்துரைக்கவும் வேண்டுமோ!

இத்தகைய எளிய செயலால் பயன் உண்டோ என்று ஐயுறுவோர் இருக்கலாம். 2007 அக்டோபர் முதல் 2008 செப்டம்பர் வரை எட்டு நாடுகளின் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். அவற்றுள் ஒன்று நம் தலைநகர் டெல்லியிலுள்ள புனித ஸ்டீபன் மருத்துவமனை. பட்டியல் வருமுன் 3,733 நோயாளிகளையும், வந்தபின் 3,955 நோயாளிகளையும் கணக்கெடுத்தனர். முன்னர் நூற்றுக்கு 11 பேருக்கு நேர்ந்த பெருஞ்சிக்கல்கள் பின்னர் 7 பேருக்கே நேர்ந்தன. முன்னர் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தனர்; பின்னர் 8 பேர். புதிய கருவி இல்லை, விலையுயர்ந்த மருந்து இல்லை. ஒரு தாளும் சில மணித்துளிகளும் வாய்விட்டுக் கேட்கும் வழக்கமுமே வேண்டியிருந்தன.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் இப்பட்டியலை ஏற்றன. அங்கு ஆய்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கில், குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. இஃது ஏன் என்று அறிஞர்கள் வாதிட்டனர். வாயால் கேட்காமல் பேனாவால் மட்டும் குறியிட்டால் எந்தப் பட்டியல்தான் பயன்தரும் என்று பலர் கருதினர். அலுவலகத்தில் பதிவேடு நிரப்புவோர்க்கு இவ்வுண்மை தெரியாததன்று! மாலையில் அமர்ந்து ஒரே மூச்சில் போடும் பத்துக் கையொப்பங்களுக்கு என்ன மதிப்பு? தாள் யாரையும் காப்பதில்லை. தாளைக் கையில் ஏந்தி, மறுமொழி வரும்வரை நகராமல் நிற்கும் மனிதரே காக்கின்றார். அந்த இளஞ்செவிலி அவ்வாறு நின்றாள். அவளைக் கடிந்துகொண்டவர் பின்னர் கைகூப்பினாரே, அந்தப் பண்பும் வேண்டும். சிறியோர் கேட்கவும் பெரியோர் செவிசாய்க்கவும் இயலாத இடத்தில் எப்பட்டியலும் செல்லாது.

இனி நம் கடமைக்கு வருகிறேன். வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிபவன் என்பன அவை. மருத்துவனுக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார் என்பதை நோக்குங்கள்! நாமோ மருத்துவமனை வாயிலை மிதித்தவுடன் நம்மையே ஒரு மூட்டையாக எண்ணி ஒப்படைத்துவிடுகிறோம்.

நான் சொன்ன மூன்று நிறுத்தங்களுள் நோயாளி வாய்திறந்து பேசக்கூடியது பெரும்பாலும் முதலாவது ஒன்றே. மயக்கம் ஏறியபின் நமக்காகப் பிறர்தாம் பேசவேண்டும். அந்த ஒரு வாய்ப்பையும் "ஹாஞ்ஜி" என்று தலையசைத்து இழந்துவிடலாமா? தாய்மொழி வழங்காத ஊரில் வாழும் நமக்கு இந்த அபாயம் இருமடங்கு அன்றோ!

ஆதலின் இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதிவையுங்கள். முழுப்பெயர், வயது, தந்தை அல்லது கணவர் பெயர், குருதிப் பிரிவு, நாள்தோறும் உண்ணும் மருந்துகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவை தமிழிலும் இந்தியிலும் அதில் இருக்கட்டும். கணவர் பெயரைச் சொல்ல நாணும் மூதாட்டியர் தாளைக் காட்டிவிடலாம்!

இரண்டு, இரு மொழியும் அறிந்த நம் இளைஞர்களும் பெண்மணிகளும் மருத்துவமனைத் துணையாகத் தம் பெயர்களைச் சங்கத்தில் பதிவுசெய்யட்டும். அறுவை நாளன்று நோயாளி உள்ளே செல்லும்வரை ஒருவர் உடனிருந்தால் போதும். முதற்பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்று, இதுவே தலையாயது. ஒரே கேள்வியை மூவர் கேட்டால் சினவாதீர்கள். மூன்று முறையும் முழுமையாக விடை கூறுங்கள். கேட்காவிட்டால் நீங்களே, "என் பெயர் இன்னது, எனக்கு இன்ன சிகிச்சை, இந்தப் பக்கம்" என்று கைவைத்துக் காட்டிச் சொல்லுங்கள். புரியாவிட்டால் "புரியவில்லை" என்று தமிழிலேனும் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவன்று. நம்மைக் காக்க முனைவோரின் கையைப் பிழையினின்றும் காப்பதைவிடப் பெரிய மரியாதை வேறில்லை.

2019 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 17ஆம் நாளை உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாக உலக சுகாதார நிறுவனம் கொண்டாடி வருகிறது. அந்நாளில் நம் சங்கக் கூடத்தில் கூடி, இத்தாள்களைப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்துவோம். செலவு ஒரு கட்டுக் காகிதம்.

அந்தச் செவிலியின் பெயரை அன்று பதற்றத்தில் கேட்க மறந்துவிட்டேன். அவள் எங்கிருப்பினும் நீடு வாழ்க! இப்போது அம்மாவிடம் எந்த மருத்துவர் எதைக் கேட்டாலும், "இருங்கள், என் மகன் வரட்டும்" என்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளம் குளிர்கிறது.