வலுத்த ஒளிக்கு மட்டும் வழிவிடும் மெல்லேடு
(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை)



மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களிலும் பட்டணங்களிலும் வாழும் நம் பெற்றோர் பலர் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "பிள்ளை பௌதிகம் படித்து என்ன செய்யப் போகிறான்? ஆராய்ச்சியெல்லாம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும்தானே நடக்கிறது?" என்பதே அக்கேள்வி. அதற்கு ஒரு சின்னஞ்சிறு பொருளைக் கொண்டு பதில் சொல்ல விரும்புகிறேன். தமிழில் அதை 'நிறைவுறு உறிஞ்சி' எனலாம்.

லேசர் ஒளியை நாம் அறிவோம். 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில வேலைகளுக்கு அந்த ஒளி தொடர்ந்து வந்தால் போதாது. மிகக் குறுகிய துடிப்புகளாக வர வேண்டும். கண்ணின் கருவிழியில் மெல்லிய மடலை வெட்டும் அறுவை சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள திசுவுக்குச் சூடு பரவுவதற்கு முன்பே ஒவ்வொரு துடிப்பும் முடிந்துவிட வேண்டும். அதனால் அங்கே ஃபெம்டோ விநாடி லேசர் பயன்படுகிறது.

ஃபெம்டோ விநாடி என்றால் என்ன? ஒரு விநாடியை ஆயிரம் டிரில்லியன் கூறுகளாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு. ஒரு விநாடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த நேரத்தில் ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கைக்கூடக் கடக்காது. இத்தனை வேகத்தில் திறந்து மூட எந்த இயந்திரக் கதவாலும் முடியாது. ஆகவே ஒரு பொருளையே கதவாக வைக்கிறார்கள். அதுதான் நிறைவுறு உறிஞ்சி.

அது எப்படி வேலை செய்கிறது? வறண்ட காலத்தில் தோட்டத்து மண்ணில் தூறல் விழுந்தால் மண்ணே குடித்துவிடும். அடைமழை கொட்டினால் மண் நிரம்பிவிடும்; மிச்சத் தண்ணீர் ஓடைக்குப் போகும். இந்தப் பொருளும் அப்படித்தான். பலவீனமான ஒளி வந்தால் அதன் எலக்ட்ரான்கள் அந்த ஒளியை விழுங்கி மேல்நிலைக்குப் போகும். வலுத்த ஒளி வந்தால் மேல்நிலையில் இடம் நிரம்பிவிடும். மீதி ஒளி தடையின்றிக் கடந்து செல்லும். மண் காய நாளாகும். இந்தப் பொருளோ கண்ணிமைப்பதற்குள் பல கோடி முறை பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

எர்பியம் கலந்த ஒளியிழையை உள்ளடக்கிய, சுமார் 10 மீட்டர் நீள வளையத்தில் ஒளி ஒரு விநாடியில் ஏறத்தாழ 2 கோடி முறை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் பலவீனமான ஒளி அதிகம் இழக்கும்; வலுத்த முனை குறைவாகவே இழக்கும். பல்லாயிரம் சுற்றுகளுக்குப் பிறகு வலுத்தது மட்டும் கூர்மையான துடிப்பாக மிஞ்சும்.

ஆரம்ப காலத்தில் இதற்குச் சாயக் கரைசல்களைப் பயன்படுத்தினார்கள். 1992இல் உர்சுலா கெல்லர் என்ற சுவிஸ் பெண்மணி குறைகடத்திக் கண்ணாடி ஒன்றை உருவாக்கி, இத்துறையின் போக்கையே மாற்றினார். ஆனால் அதைத் தயாரிக்க விலையுயர்ந்த கருவிகள் தேவை. பின்னர் கார்பன் நுண்குழாய்கள் வந்தன. 2004இல் மான்செஸ்டரில், பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்டிலிருந்து ஒட்டுநாடாவால் ஓர் அணு தடிமனுள்ள கிராஃபீன் பிரித்தெடுக்கப்பட்டது. 2009இல் நம் பக்கத்து நாடான சிங்கப்பூரின் ஆய்வாளர்கள் அதை லேசருக்குள் வைத்து அதிவேகத் துடிப்புகளை உண்டாக்கிக் காட்டினார்கள்.

நம் நாடும் பின்தங்கி நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஹரித் அகமட், பேராசிரியர் சுலைமான் வாடி ஹருன் ஆகியோரின் குழுக்கள் 2010க்குப் பிறகு இத்துறையில் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டுள்ளன. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் நம் டுரியான் துங்கலில் உள்ள யூடெம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 2007இல் முழுப் பல்கலைக்கழகமானது அது. அதே டுரியான் துங்கலில் ஒரு தமிழ்ப்பள்ளியும் இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த ஆய்வின் ஒரு முக்கியக் கட்டம் எளிமையானது. கிராஃபீன் போன்ற பொருளைப் பாலிமர் கரைசலில் கலந்து, உலர்த்தி, மெல்லேடாக்கி, அதில் ஒரு துணுக்கை இரண்டு ஒளியிழை முனைகளுக்கு நடுவே வைக்கிறார்கள். இதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. பொறுமையும் கணக்கறிவும் வேண்டும். தீராத சிக்கல்களும் உள்ளன. கரும் பாஸ்பரஸ் நல்ல உறிஞ்சிதான். ஆனால் ஈரக்காற்று பட்டால் கெட்டுவிடும். நம்மூர்க் காற்றின் ஈரத்தைச் சொல்லவா வேண்டும்? அதிகச் சக்தி பாய்ந்தால் மெல்லேடு கருகிவிடுவதும் உண்டு. இவற்றுக்குத் தீர்வு காண இன்னும் ஆட்கள் தேவை.

பத்து பெரண்டாம் மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் ஆப்பரேட்டர்களாக வேலை செய்கிறார்கள். உழைப்பில் குறைவில்லை. அதே தொழிற்சாலையில் பொறியியலாளராக அமர்வதற்கும், பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்துக்குள் நுழைவதற்கும் படிவம் நான்கில் எடுக்கும் பாடங்களே வாசலாக இருக்கின்றன. பௌதிகத்தையும் கூடுதல் கணிதத்தையும் அப்போது விட்டுவிட்டால், பிறகு திரும்பி வருவது மிகக் கடினம்.

ஆகவே ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, புலாவ் செபாங் பெற்றோருக்கு என் வேண்டுகோள் இதுதான். "கஷ்டமான பாடம், வேண்டாம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடாதீர்கள். மாணவர்களை யூடெம் வளாகத்துக்கு ஒருநாள் அழைத்துப் போக, பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கடிதம் எழுதி அனுமதி கேட்கட்டும். ஆராய்ச்சி தூரதேசத்துச் சமாச்சாரம் என்ற எண்ணம் அந்த ஒரு பயணத்திலேயே மறையத் தொடங்கும்.